பன்னிரண்டு கேமராவும் நூற்றிருபது கேமராவும்

1999ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் அமெரிக்க நாட்டின் மயாமி நகரில் ‘சூப்பர் பவுல்’ எனப்படும் அமெரிக்கக் காற்பந்து இறுதியாட்டம் நடைபெற்றது. அவ்வாட்டத்தைத் தொலைக்காட்சியில் காண்போர் பல கோடியர். ஆதலின் ஆட்டத்தின் இடையிடையே விளம்பரம் செய்ய வணிக நிறுவனங்கள் பெரும்பொருள் கொடுத்துப் போட்டியிடுவது அங்கு வழக்கம். அன்று காட்டப்பட்ட விளம்பரங்களுள் ஒன்று, இரண்டு திங்கள் கழித்து வெளிவரவிருந்த ‘தி மேட்ரிக்ஸ்’ என்னும் சண்டைப் படத்தின் முன்னோட்டம். படத்தின் கதை இன்னது என்று அதனைக் கண்டவர்க்கு விளங்கவில்லை. மேட்ரிக்ஸ் என்றால் என்ன என்னும் கேள்வியையே விளம்பர வாசகமாக்கியிருந்தனர். கதை விளங்காவிடினும், அப்படத்தின் முன்னோட்டங்களில் வந்த சில காட்சிகள் பார்த்தவர்களின் நினைவை விட்டு நீங்கவில்லை.

கறுப்பு உடை அணிந்த இளைஞன் ஒருவன் உயர்ந்த கட்டடத்தின் மொட்டைமாடியில் நிற்கின்றான். எதிரி அவனை நோக்கிச் சுடுகின்றான். இளைஞன் முழங்காலுக்கு மேற்பட்ட உடல் முழுவதும் பின்னோக்கி வளையச் சாய்கின்றான். தோட்டாக்கள் காற்றில் வளையங்களைக் கிளப்பியவாறு மெல்ல மெல்ல அவன் மார்பின் மேலே கடந்து செல்கின்றன. அவன் ஆடையின் நுனி அசைகின்றது. இவை யாவும் நிகழும்போது நம் பார்வை மட்டும் சாவகாசமாக அவனைச் சுற்றி வலம் வருகின்றது.

இக்காட்சியில் புதுமை எங்கே இருக்கின்றது என்று ஆராய வேண்டும். மெதுவாக நகரும் காட்சி புதியதன்று. கேமராவை விரைவாக ஓடவிட்டுப் படம்பிடித்து, இயல்பான வேகத்தில் திரையில் காட்டினால் எல்லாம் மெதுவாகத் தோன்றும் என்பது திரையுலகின் பழைய பாடம். ஒருவரைச் சுற்றிக் கேமரா வலம் வருவதும் புதியதன்று. தண்டவாளம் இட்டு, வண்டியில் கேமராவை ஏற்றித் தள்ளினால் போதும். இவ்விரண்டும் ஒன்றுகூடியதே கண்ணை உறுத்தியது. தோட்டாவே தவழும் அளவிற்குக் காலம் மெதுவாகிவிட்டால் கேமராவும் உடன் மெதுவாக வேண்டும் அன்றோ? மூன்று மீட்டர் தொலைவில் நின்று ஒருவனை அரைவட்டமாகச் சுற்றிவர ஏறக்குறைய ஒன்பதரை மீட்டர் கடக்க வேண்டும். ஒரு விநாடியில் பத்திலொரு பங்குக்குள் அதைக் கடப்பதாயின், கேமரா மணிக்கு 340 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தாக வேண்டும். எந்த வண்டியும் கேமராவை ஏற்றிக்கொண்டு ஒரு மனிதனைச் சுற்றி அவ்வாறு ஓடாது. முன்னோட்டத்தைக் கூர்ந்து பார்த்தவர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. ஆயினும் நடக்கவியலாத ஒன்று நடந்துவிட்டதை அவர்கள் கண்கள் உணர்ந்துகொண்டன.

இதனை எவ்வாறு எடுத்தனர் என்ற வினாவிற்கு அன்று பலர் சொன்ன விடை ஒற்றைச் சொல்தான். கணினி! அவ்விடை பாதி உண்மை. மறுபாதியை அறியவேண்டின் 120 ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று ஒரு குதிரைப் பண்ணையில் நிற்க வேண்டும்.

அதற்குமுன் முன்னோட்டம் என்பதைப் பற்றி ஒரு சொல். ‘டிரெய்லர்’ என்னும் பெயருக்குப் பின்னே இழுபட்டு வருவது என்பது பொருள். தொடக்கத்தில் அது படம் முடிந்த பின்னரே காட்டப்பட்டது. 1913இல் நியூயார்க்கில் ஒரு திரையரங்குக் குழுமத்தின் விளம்பர அலுவலரான நில்ஸ் கிரான்லண்டு, வரவிருந்த இசைநாடகம் ஒன்றின் ஒத்திகைக் காட்சிகளைப் படமாக்கிக் காட்டியதை அதன் தொடக்கங்களுள் ஒன்றாகக் கூறுவர். படம் முடிந்ததும் மக்கள் எழுந்து போய்விடுவதைக் கண்ட திரையரங்கினர் பின்னர் அதனை முன்னுக்குக் கொணர்ந்தனர். பெயர் மட்டும் பின்னாலேயே தங்கிவிட்டது. 1998ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் ‘விண்மீன் போர்கள்’ வரிசையின் புதிய படத்திற்குரிய முன்னோட்டம் வெளியானபோது, அதனைக் காண்பதற்கென்றே வேறொரு படத்திற்கு நுழைவுச்சீட்டு வாங்கி, முன்னோட்டம் முடிந்ததும் எழுந்து சென்றோர் உண்டு. முன்னோட்டமே ஒரு கலைப்பொருளாகிவிட்ட காலம் அது.

இனிக் குதிரைப் பண்ணைக்கு வருவோம்.

கலிபோர்னியா மாநிலத்தின் முன்னாள் ஆளுநரும் இரயில்வே செல்வருமான லீலண்ட் ஸ்டான்போர்டு, குதிரைகளின்மீது பெருவிருப்பம் கொண்டவர். பாய்ந்தோடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரே வேளையில் தரையை விட்டு மேலெழுகின்றனவா என்பது அக்காலத்தில் பலர் வாதித்த வினா. ஸ்டான்போர்டு இதன்பொருட்டு 25,000 டாலர் பந்தயம் கட்டினார் என்றொரு கதை இன்றளவும் நூல்களில் வருகின்றது. அதற்குச் சான்று ஏதும் கிடைக்கவில்லை. பந்தயம் கட்டினாரோ இல்லையோ, விடை காணப் பணம் செலவழித்தார் என்பது மெய். அதற்கு அவர் அமர்த்திய ஒளிப்படக் கலைஞர், இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள கிங்ஸ்டனில் 1830இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எட்வர்டு மைபிரிட்ஜ் ஆவார்.

1878ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் பாலோ ஆல்டோ பண்ணையில் செய்தியாளர்கள் அழைக்கப்பட்டிருந்தனர். ஓடுபாதையின் ஒரு மருங்கில் 12 கேமராக்கள் வரிசையாக நின்றன. மறு மருங்கில் வெண்மையான திரை எழுப்பப்பட்டிருந்தது. குதிரை கடந்து செல்கையில் ஒவ்வொரு கேமராவின் மூடியும் தானே திறந்து மூடும் ஏற்பாட்டை மைபிரிட்ஜ் செய்திருந்தார். சேலி கார்ட்னர் என்னும் பெண்குதிரையின் ஓட்டத்தை அவர் 27 அங்குலத்திற்கு ஒன்றாக, ஒரு விநாடியின் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்கு இடைவெளியில் பதிவு செய்தார். 12 படங்களும் சேர்ந்து ஏறக்குறைய அரை விநாடி! அவ்வரை விநாடியை எவரும் அதற்குமுன் பிரித்துப் பார்த்ததில்லை. படத்தகடுகளை அங்கேயே கழுவிக் காட்டியபோது, ஓட்டத்தின்போது குதிரையின் சேணத்திலிருந்து அறுந்த வார் படத்திலும் தெரிந்தது. இது கைவேலையன்று என்று செய்தியாளர்கள் நம்புவதற்கு அந்த வாரே சாட்சியாயிற்று.

நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழுவது உண்மையே எனப் படங்கள் காட்டின. ஆனால் ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாக வரைந்து வந்ததுபோல முன்கால்கள் முன்னும் பின்கால்கள் பின்னும் நீண்டிருக்கையில் அன்று. நான்கும் வயிற்றின் கீழ் ஒடுங்கி ஒன்றையொன்று நெருங்கும் வேளையில்தான் குதிரை அந்தரத்தில் இருக்கின்றது. பார்ப்பதற்கு அழகற்ற இந்நிலையை ஏற்க மறுத்து, கேமரா பொய் சொல்கின்றது என்று சினந்த கலைஞர்களும் இருந்தனர்.

மைபிரிட்ஜ் அத்துடன் நிற்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டிற்குள் ஐந்து கேமராக்களை வெவ்வேறு இடங்களில் நிறுத்தி, குதிரைகளையும் உடற்பயிற்சி வீரர்களையும் ஒரே நொடியில் ஐந்து கோணங்களிலிருந்து படம்பிடித்தார். ஓட்டத்தைப் பிரித்த 12 கேமராக்களை விட, கரணம் போடும் வீரனை அந்தரத்தில் நிறுத்தி ஐந்து பக்கமும் நோக்கிய இந்த ஐந்து கேமராக்களே நம் பொருளுக்கு நெருங்கிய உறவு. படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டினால், உறைந்துபோன மனிதனைச் சுற்றி நாம் நடப்பது போலிருக்கும். 1999இல் உலகம் வியந்த காட்சியின் கரு இதுவேயாகும்.

இவ்வளவு செய்தவருக்குக் கிடைத்தது என்ன? 1882இல் ஸ்டான்போர்டின் நண்பரான மருத்துவர் ஸ்டில்மன், குதிரையின் ஓட்டத்தைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். மைபிரிட்ஜின் ஒளிப்படங்களைப் பார்த்து வரைந்த படங்கள் அதில் நிறைந்திருந்தன. முகப்பில் மைபிரிட்ஜின் பெயர் இல்லை. ஸ்டான்போர்டின் கூலிக்குப் பணியாற்றிய ஒருவர் என்ற அளவிலேயே அவர் உள்ளே சுட்டப்பட்டிருந்தார். அவ்வேளை மைபிரிட்ஜ் இலண்டனில் இருந்தார். அவருடைய கட்டுரையை வெளியிட முன்வந்திருந்த இராயல் சொசைட்டி என்னும் புகழ்பெற்ற அறிவியற் கழகம், அந்நூலைக் கண்டதும், இவர் பிறர் ஆய்வைத் தமதென்று கூறுபவரோ என ஐயுற்றுப் பின்வாங்கியது. அவர் ஸ்டான்போர்டின்மீது வழக்குத் தொடுத்தார். வழக்கிலும் தோற்றார். பின்னர்ப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் துணையோடு பணியைத் தொடர்ந்து, 1887இல் 781 பெரும்படத் தாள்கள் கொண்ட தொகுதியை வெளியிட்டதனால்தான் அவர் பெயர் அழியாமல் நின்றது. செல்வர் ஒருவர் பணம் கொடுத்தார். கலைஞர் ஒருவர் கண்டுபிடித்தார். பெருமை யாரைச் சேரும் என்னும் வழக்கு திரைப்படம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது கருதத்தக்கது.

1895இல் பாரிசில் லூமியேர் உடன்பிறப்பினர் பணம் பெற்றுக்கொண்டு திரைப்படம் காட்டத் தொடங்கினர். அப்பொழுதே பல கேமராக்களுக்குத் தேவையில்லாமல் போயிற்று. ஒரே கேமராவில் சுருள் சுருளாகப் படலம் ஓடியது. அதன்பின் விந்தை காட்ட விழைந்தோர் அந்த ஒற்றைக் கேமராவைக் கொண்டே காட்டினர். மேடை மாயவித்தைக்காரரான ஜார்ஜ் மெலியே, கேமராவை நிறுத்தி, ஆளை அகற்றி, மீண்டும் ஓடவிட்டு மனிதரை மறையச் செய்தார். 1902இல் நிலவுக்கு மனிதரை அனுப்பிப் படமெடுத்தார். அந்த மெலியே தம் முதுமையில் பாரிசின் மோன்பர்நாஸ் இரயில் நிலையத்தில் பொம்மைக்கடை வைத்துப் பிழைத்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கின்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஹெரால்டு எட்கர்டன் மின்னல்போல் வெட்டும் விளக்கொளியால் காலத்தை நிறுத்தினார். ஆப்பிளைத் துளைத்து வெளியேறும் தோட்டாவை அவர் 1964இல் எடுத்த படம் அறிவியல் நூல்கள் பலவற்றில் இடம்பெற்றுள்ளது. அவர் தோட்டாவை நிறுத்தினாரே தவிர, அதனைச் சுற்றி நடந்து பார்க்கவில்லை.

சுற்றி நடப்பதற்கு மீண்டும் கேமரா வரிசையே வேண்டியிருந்தது. 1980ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் பாத் கலைக்கல்லூரியில் பயின்ற டிம் மேக்மில்லன் என்னும் மாணவர், ஊசித்துளைக் கேமராக்களை வட்டமாக அமைத்து, அவற்றினூடே 16 மில்லிமீட்டர்ப் படலத்தைச் செலுத்தி, ஒரே நொடியைப் பல கோணங்களில் பதித்தார். பள்ளிக் கண்காட்சிக்கு அட்டைப்பெட்டியில் மாணவர்கள் செய்யும் அதே ஊசித்துளைக் கேமராதான்! 1995இல் பிரெஞ்சு இயக்குநர் மிஷேல் கோந்த்ரி, ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ குழுவினரின் பாடற்படம் ஒன்றில், வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த நிழற்படங்களைக் கணினியால் இழைத்து ஒரே ஓட்டமாக்கினார். 1998இல் ஆடை நிறுவனம் ஒன்றின் தொலைக்காட்சி விளம்பரத்தில் நடனமாடுவோர் அந்தரத்தில் உறைந்து நிற்க, பார்வை அவர்களைச் சுற்றி வந்தது. ஆகவே ‘மேட்ரிக்ஸ்’ முன்னோட்டத்தைக் கண்டோரில் கூரிய நினைவுடையோர் இதைப்போல் ஒன்றை எங்கோ பார்த்திருக்கின்றோமே என்று எண்ணியிருந்தால் அதில் தவறில்லை.

எனின், வச்சோவ்ஸ்கி உடன்பிறப்பினர் இயக்கிய அப்படம் புதிதாகச் செய்தது யாது? படப்பிடிப்பு 1998இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நடந்தது. காட்சி விந்தைகளுக்குப் பொறுப்பேற்றவர் ஜான் கேட்டா. இயக்குநர்கள் விரும்பியது உறைந்துபோன நொடியை அன்று. நடிகர் அசைய வேண்டும், காலமும் நகர வேண்டும், ஆனால் பார்வை காலத்தை விட விரைவாகச் செல்ல வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. பார்வை செல்லவேண்டிய பாதையைக் கேட்டாவின் குழுவினர் முதலில் கணினியில் வரைந்தனர். பின்னர் அப்பாதை நெடுகிலும் நிழற்படம் எடுக்கும் கேமராக்களை, ஒவ்வொன்றின் கோணமும் பிசகாமல், நெருக்கமாக நிறுத்தினர். அவற்றின் எண்ணிக்கை 120. வரிசையின் இரு முனைகளிலும் திரைப்படக் கேமரா ஒவ்வொன்று. எதிர்ப்புறக் கேமராக்கள் படத்தில் விழுந்துவிடாதபடி சுற்றிலும் பச்சைத் திரை. அத்திரையின் துளைகள் வழியே கேமராக் கண்கள் மட்டும் எட்டிப் பார்த்தன. நடுவில் கம்பிகளால் தாங்கப்பட்டு நடிகர் கியானு ரீவ்ஸ் பின்னே சாய்ந்தார்.

120 கேமராவும் ஒரே கணத்தில் இயங்கினால் மனிதன் கல்லாய் உறைவான். ஒன்றன்பின் ஒன்றாக மிக நுண்ணிய இடைவெளியில் இயங்கினால் அவன் மெல்ல அசைவான். இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் காலத்தைக் கடிவாளம் போட்டு நடத்தலாம். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஆகவே 120 படங்கள் ஐந்து விநாடிக்கே போதுமானவை. காட்சியை நீட்டிக்கவும், ஒரு கேமராவுக்கும் அடுத்ததற்கும் இடையே பார்வை தடுக்காமல் செல்லவும், இரு படங்களுக்கு இடைப்பட்ட படங்களைக் கணினி கணித்து வரைந்தது. கணினியின் பங்கு இங்கேதான் வருகின்றது. குதிரையின் பக்கத்தில் நின்ற 12 கேமராக்களுக்கும் இவற்றுக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. குதிரை தன் ஓட்டத்தாலேயே அன்று கேமராக்களை இயக்கியது. இன்று அவ்வேலையைக் கணினி செய்தது.

மற்றுமொரு சிக்கல் எஞ்சியது. பச்சைத் திரையை நீக்கிவிட்டால் நடிகருக்குப் பின்னே வெறுமை. பார்வை அவரைச் சுற்றுகையில் பின்னணியிலுள்ள மாடங்களும் கோபுரங்களும் அதே கணக்கில் திரும்ப வேண்டும். இதற்கு வழி காட்டியது ஒரு காற்றாடி எனின் நம்புதல் அரிது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பால் டெபவெக் என்னும் இளைஞர், அங்குள்ள மணிக்கூண்டுக் கோபுரத்தைச் சில படங்களிலிருந்தே கணினிக்குள் எழுப்ப முயன்றார். வானிலிருந்து எடுத்த படங்கள் தேவைப்பட்டபோது, கட்டடக்கலைப் பேராசிரியர் ஒருவரின் துணையோடு காற்றாடியில் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டார். ஏறக்குறைய 20 நிழற்படங்களைக் கொண்டு, கோபுரத்தைச் சுற்றிப் பறப்பது போன்ற குறும்படம் ஒன்றை 1997இல் அவரும் துணைவர்களும் உருவாக்கினர். அந்த முறையைக் கொண்டே மேட்ரிக்ஸ் குழுவினர் சிட்னி நகரக் கட்டடங்களைப் படமெடுத்து, கணினிக்குள் நகரத்தை எழுப்பினர். அப்பணிக்காக ஜார்ஜ் போர்ஷுகோவ், கிம் லிப்ரேரி, டான் பிபோனி ஆகிய மூவருக்கும் ஆஸ்கார் கழகம் 2001இல் தொழில்நுட்ப விருது வழங்கியது. அம்மூவரின் பெயரைத் திரையரங்கில் அக்காட்சிக்குக் கைதட்டியோரில் எத்தனை பேர் அறிவர்?

படம் 1999 மார்ச் 31இல் வெளிவந்தது. மறு ஆண்டு நடந்த ஆஸ்கார் விழாவில், சிறந்த காட்சி விந்தைக்கான விருதை விண்மீன் போர்கள் படமே பெறும் என்று பலரும் எதிர்பார்த்திருக்க, அது மேட்ரிக்சுக்குக் கிடைத்தது. படத்தொகுப்பு, ஒலி, ஒலி விளைவுத் தொகுப்பு ஆகியவற்றுக்குரிய விருதுகளும் அதனைச் சேர்ந்தன. நுழைவுச்சீட்டு வாங்கி முன்னோட்டம் பார்த்த கூட்டம் ஒரு படத்திற்கும், விருது மற்றொரு படத்திற்கும் சென்றன. கேட்டா தமக்குத் தூண்டுகோலாக இருந்தவர்களாக ‘அகிரா’ என்னும் சப்பானியக் கேலிச்சித்திரப் படத்தை இயக்கிய ஒட்டோமோவையும், மேற்கூறிய கோந்த்ரியையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டமை பாராட்டத்தக்கது. ஸ்டில்மனின் நூல் செய்யத் தவறியதை அவர் செய்தார்.

விந்தைக்கு ஆயுள் குறைவு. ‘புல்லட் டைம்’ என்று பெயர் பெற்ற இவ்வுத்தி எங்கும் பரவியது. இரண்டே ஆண்டுகளில், 2001இல் வந்த ‘ஷ்ரெக்’ என்னும் கேலிச்சித்திரப் படத்தில் இளவரசி அந்தரத்தில் நின்று உதைக்கும் காட்சியாகச் சிரிப்புக்கு இடமாயிற்று. தமிழ்த் திரையும் வாளாவிருக்கவில்லை. ஷங்கர் 2003இல் இயக்கிய ‘பாய்ஸ்’ படத்தின் பாடலொன்றில் நிழற்படக் கேமராக்களை வரிசையாக நிறுத்தும் உத்தி கையாளப்பட்டது. மேட்ரிக்ஸ் படத்திற்குச் சண்டைப்பயிற்சி அளித்த ஹாங்காங் கலைஞர் யூன் வோ பிங், 2010இல் வெளிவந்த ‘எந்திரன்’ படத்திலும் பணியாற்றினார். அப்படத்தின் காட்சி விந்தைகளுக்காக சீனிவாஸ் மோகன் இந்திய தேசிய விருது பெற்றார்.

உத்தி பழகிப்போன பின்னர் முன்னோட்டங்களில் மக்கள் வேறு விந்தைகளைத் தேடினர். 2012இல் ஆங் லீ இயக்கிய ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் முன்னோட்டம் வந்தபோது, புதுச்சேரிச் சிறுவன் ஒருவனோடு நடுக்கடலில் படகில் நிற்கும் புலியைக் கண்டு, அது மெய்ப்புலியோ பொய்ப்புலியோ என்று பலர் வாதித்தனர். மெய்ப்புலிகளும் படப்பிடிப்பில் இருந்தன. ஆனால் பெரும்பாலான காட்சிகளில் தோன்றிய புலி, மயிர்மயிராகக் கணினியில் வளர்க்கப்பட்டது. அதனை வளர்த்தவர்கள் ‘ரிதம் அண்ட் ஹியூஸ்’ என்னும் கலிபோர்னிய நிறுவனத்தார். அந்நிறுவனத்திற்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் மட்டுமின்றி மலேசியாவிலும் கிளை இருந்தது.

2013 பிப்ரவரி 24ஆம் நாள் ஆஸ்கார் விழாவில் அப்படம் காட்சி விந்தைக்கான விருதைப் பெற்றது. விழாவுக்குச் சில நாள்களுக்கு முன்புதான் அந்நிறுவனம் நொடித்துப்போய் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியிருந்தது. அரங்கிற்கு வெளியே தெருவில், காட்சி விந்தைக் கலைஞர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு பதாகை ஏந்தி நின்றனர். உள்ளே, மேடையேறிய நால்வரின் சார்பில் பில் வெஸ்டன்ஹோபர் பேசினார். நன்றிகளைக் கூறியபின், தம் நிறுவனம் எதிர்நோக்கிய இக்கட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நேரம் கடந்துவிட்டதை உணர்த்தும் இசை எழுந்தது. அன்று அதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டிருந்தது, சுறாமீன் நெருங்குவதை அறிவிக்கும் ‘ஜாஸ்’ படத்தின் இசை. ஒலிவாங்கி அடங்கியது. அவர் கூறவந்த எஞ்சிய சொற்கள் அரங்கிலிருந்தோர்க்குக் கேட்கவில்லை.